பதினைந்து இலக்கம்

கட்டாரிலிருந்து மச்சான் றஜீபன் கொண்டுவந்த போன்.
பெட்டியைத் திறக்கவே மெல்லிய ஒரு சத்தம்,
பணம் மூச்சு விட்டது மாதிரி.

மல்லாவிக் கடையில் அனோஜினி
நட்சத்திரம், ஹாஷ், சைபர், ஆறு, ஹாஷ் அடித்தாள்.
பதினைந்து இலக்கம் வந்து நின்றது.
"அண்ணை, இது பதியேல்லை.
சுங்கத்துக்குக் கட்டோணும், பிறகு பதிவுக்கு,
அந்த வரிக்கு மேல இன்னொரு வரி."
கல்குலேட்டரை என் பக்கம் திருப்பினாள்.

நான் அதை நெல்மூட்டையில் எண்ணினேன்.
காலபோகம் காணாது.
சிறுபோகத்தையும் கூட்டலாம் என்றால்
உரக்கடன் குறுக்கே படுத்திருக்கிறது.
"கட்டாட்டி?"
"சிம் எடுக்காது. மற்றதெல்லாம் செய்யும்."

பதிவு எங்களுக்குப் புதிதில்லை.
முகாம் வாசலில் என்னைப் பதிந்தார்கள்.
மாட்டைப் பதிந்தேன், கிணற்றைப் பதிந்தேன்,
தம்பியின் பெயரை நாலு கந்தோரில் பதிந்தோம்.
அவனிடமிருந்துதான்
இன்னும் ஒரு மணியும் அடிக்கவில்லை.

போன் இப்போது பாண்டியன்குளத்து வயலில்,
காவல் கொட்டிலில் தொங்குகிறது.
ரோச் வெளிச்சம் நல்ல வெளிச்சம், பொய் சொல்லக்கூடாது.
போன கிழமை
ஒரு சதமும் வரி கட்டாமல்
வரம்பு கடந்து வந்தது ஒரு தனியன் யானை.
வெளிச்சத்தை நேரே பார்த்துக்கொண்டு
என் கதிரை மென்றது.

படம் பிடித்தேன்.
காதோரத்து மயிர்கூடத் தனித்தனியாகத் தெரிகிறது.

மச்சானுக்கு அனுப்பத்தான் வழியில்லை.