நீரெழுத்து

தன்குட்டா கிளையில், மூன்றாம் சன்னலில் காசாளர்,
ரண்மாயா ஆங்தெம்பே.
பதினாறு வருடம் பணம் எண்ணியதில்
கட்டைவிரலில் ரேகை தேய்ந்துபோனது.
காலையில் வருகைப் பதிவு இயந்திரம்
நான் யாரென்று மூன்று முறையாவது கேட்கும்.

இன்று பன்றி விற்ற காசை
பிஸ்கட் டப்பாவில் கொண்டுவந்தான் ஒருவன்.
அடியில் ஈரம் ஏறிய பழைய ஐந்நூறு.
கள்ளநோட்டோ என்று ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன்.

லாலிகுராஸ் பூவுக்குள்
மன்னர் இருந்தார்.

அந்த வருடம் அப்படித்தான் அச்சடித்தார்கள்.
காகிதம் வந்து சேர்ந்துவிட்டது,
அதில் அவர் முகம் நீரெழுத்தாய் ஊறியும்விட்டது.
தூக்கிப்போட மனசில்லையோ, பணமில்லையோ,
முகத்தின் மேல் ஒரு சிவப்புப் பூவைக் குத்தி
இனி இது மக்களின் நோட்டு என்றார்கள்.

நீர்மேல் எழுத்து நிற்காதாம்.
சொன்னவர் யாரோ, வங்கியில் வேலை பார்த்ததில்லை.

ஜேட மாத மழை அன்று.
ரேடியோக் கடை வாசலில் நள்ளிரவுவரை நின்றோம்.
அறிவிப்பு வந்ததும் செருப்பைக் கழற்றி
வானத்தில் எறிந்தாள் சுக்மதி.
ஒன்றுதான் திரும்பி வந்தது.
ஊர்வலத்தில் முழங்காலில் குண்டு வாங்கிய ஹர்க்கமான்
ஊன்றுகோலால் ஷட்டரில் தாளம் போட்டான்.
"இனி எவன் கார் போகவும்
நாம ஒதுங்கி நிக்க வேணாம், ரண்மாயா."
அவ்வளவுதான் கேட்டான்.
நாட்டையா கேட்டான்?

அரசன் அன்று கொல்வான்,
தெய்வம் நின்று கொல்லும்.
குடியரசு கொல்வதில்லை.
மூன்று பிரதி எடுத்துவரச் சொல்லும்.

ஹர்க்கமானின் கோப்பில்
இடது கால் என்றிருந்ததை யாரோ வலது என்று நகலெடுத்தார்கள்.
அமைச்சர்கள் மாறினார்கள், கட்சிகள் சேர்ந்தன, பிரிந்தன,
பிரிந்தவை சேர்ந்தன.
இன்னமும் கால் மாறவில்லை.
அன்று எங்கள் வீட்டில் ஒளிந்திருந்து
என் அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு போன தோழர்
இப்போது மாநிலத்தில் பெரிய ஆள்.
சட்டையைக் கேட்க நான் போகவில்லை.

என் சன்னலுக்கு வருவதெல்லாம்
தோஹாப் பணம், கோலாலம்பூர்ப் பணம்.
அனுப்பியவன் பெயரை வாசித்ததும்
வாங்க வந்தவள் முகத்தில் ஒரு சின்ன வெயில்.
சிலபேர் கணக்கை மூடத்தான் வருவார்கள்.
பெட்டியில் வந்தவனுடைய கையெழுத்து
அட்டையில் இருக்கும், மாணவன் எழுத்துபோலக் குண்டாக.
அதன் குறுக்கே நான் கோடு போடவேண்டும்.
அதற்கு ஒரு ஸ்கேல் வைத்திருக்கிறேன்.

"ராஜா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தான் பன்றிக்காரன்.
எனக்குச் சுர்ரென்று ஏறியது.
"ராஜா இருந்தப்போ உன் பன்றியை
உன்னைக் கேட்டா எடுத்தாங்க?"
அவன் யோசித்தான். நேர்மையான ஆள்.
"இல்லதான். கேக்காம ஒருத்தன் எடுத்தான்.
இப்ப மூணு பேர் வர்றாங்க.
ரசீது தர்றாங்க."

வரிசை சிரித்தது. நானும் சிரித்திருக்கலாம்.
மேசையில் கிடந்தால் பூ.
தூக்கிப் பிடித்தால் அவர்.
இரண்டில் எதையும் நான் கேட்கவில்லை.
அந்த மழையில் நனைந்துகொண்டு கேட்டதை
எந்தக் காகிதத்தில் எழுதினோம்?

அப்போது வெளியே விசில்.
பிறகு சைரன், பிறகு கார்கள், ஏழோ எட்டோ.
சாலையில் பால்கேன்கள் ஓரத்துக்கு இழுபடும் சத்தம்.
உள்ளே வரிசை தானாகவே
சுவரோடு ஒதுங்கியது,
நடுவே கான்கிரீட் சுவர் இருந்தும்.
பன்றிக்காரன் தொப்பியைக் கழற்றினான்,
யாருக்கென்று தெரியாமல்.

எல்லாம் போய் அடங்கியபின்தான் கவனித்தேன்.
கையில் அந்த நோட்டோடு
நாற்காலியிலிருந்து நான்
பாதி எழுந்திருந்தேன்.