முறைத் தண்ணீர்

திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே
அமலோற்பவம் வயலில் நட்ட கம்பம்
நொடிக்குப் பத்து முறை காற்றைக் கேட்கிறது:
எவ்வளவு ஓசோன் கீழே போனது,
எவ்வளவு திரும்பியது.

என் சமன்பாட்டில் மூன்று தடைகள்.
காற்று ஒன்று,
இலையை ஒட்டிய மெல்லிய அசைவின்மை ஒன்று,
கடைசியில் இலைத்துளை.
மதியம் இரண்டு மணிக்கு அது வாய் பிளக்கும்,
நஞ்சும் நிறையப் போகும் என்றது மாதிரி.
கருவி பாதிகூடக் காட்டவில்லை.

ஒன்பது நாள் நிரலில் பிழை தேடினேன்.
கம்பத்தின் காலடியில்
மண் வெடித்துக் கிடந்ததை
எழுத மறந்திருந்தேன்.
முறைத் தண்ணீர் வரவில்லை.
தாகத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தது பயிர்,
வரப்பு அருகும் அப்படித்தான்.

வியாழன் இரவு மதகு திறந்தார்கள்.
மறுநாள் பதினோரு மணிக்கே
கோடு ஏறத் தொடங்கியது
நான் கணித்த இடம்வரை.
நியாயமாகத் துள்ளியிருக்க வேண்டும்.

அமலோற்பவம் சேற்றுக்காலோடு வந்து
திரையை எட்டிப் பார்த்தார்.
“நல்லாக் குடிக்குதா?”

குடிக்குது என்றேன்.
எதை என்று அவர் கேட்கவில்லை.
இலை நுனியில் பொடிப்பொடியாய்ப் பழுப்புப் புள்ளி.
அதற்குப் பத்து கிலோ ஜிங்க் சல்பேட்
சைக்கிள் கேரியரில்
ஏற்கெனவே கட்டியிருந்தது.