குவைத்தில் சமைக்காதது

பர்வானியாவில் ஒரே அறை, நாலு கட்டில்,
ஜன்னலோரம் ஒரு மின்சார அடுப்பு.
பன்றிக்கறி நுழையக்கூடாத நாடு,
ஆகவே நொய் அதை வாயால் சமைத்தாள்.

ராத்திரி வார்டு முடிந்து வந்து
சாக்ஸைக் கழற்றும்போதே தொடங்கிவிடுவாள்.
முதலில் உரல்.
நாக்கை அண்ணத்தில் அடித்து டொக் டொக்,
பூண்டு, மிளகாய், பூண்டு, மிளகாய்.
அப்புறம் உஸ்ஸென்று எண்ணெய்.
அவளுக்கும் எனக்கும் பொதுவாய் இருந்தது
நோயாளிகளிடம் பொறுக்கிய அரபி கொஞ்சம்.
கறியோடு ஷ்வய்யா ஷ்வய்யா கொழுப்பு,
மரத்துச் சர்க்கரை (கையைத் தலைக்கு மேல் உயர்த்தி
எவ்வளவு உயர மரம் என்று காட்டுவாள்),
இலை விழுந்ததும் கலாஸ், அடுப்பை அணை.
கோட்டயத்துப் பிள்ளைகள் ரெண்டும்
போர்வைக்குள்ளிருந்து திட்டும்.
நான் குப்பூஸைக் கிழித்துப்
பொரித்த முட்டையில் தொட்டுத் தின்றபடி
ரெண்டு வருஷம் கேட்டேன்.

இப்போது பாளையங்கோட்டை, மகாராஜநகர், மாடி வீடு.
ஞாயிறு முதல் ஆராதனை விட்டதும்
சமாதானபுரத்துச் சந்தில்
ஆசீர்வாதம் அண்ணாச்சி கடையில் நிற்கிறேன்.
வறுவலுக்கா, குழம்புக்கா?
பொடிசாக் கொத்திக் குடுங்க அண்ணாச்சி.
பன்னியில கொத்துக்கறியா, என்று
கத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
கொத்தினார்.

மீன் சாறுக்கு எங்கே போக?
நெத்திலிக் கருவாட்டை உப்போடு கொதிக்கவிட்டுத்
தர்மசிங்கின் பழைய வேட்டியில் வடித்தேன்.
அந்த உயர மரம் எங்கள் தேரிக்காட்டிலும் உண்டு,
உடன்குடிக் கருப்பட்டி ஒரு துண்டு.
மிளகாய் காந்தாரி,
நாகர்கோவில் பஸ்ஸில் தம்பி கொடுத்துவிட்டது.
இலை மட்டும் பாக்கி.

அந்த இலையை நொய் ஒருநாள் போனில் காட்டியிருந்தாள்,
ஊதாத் தண்டு, பல் பல்லாய் ஓரம்.
எங்க ஊரில் இது சாமிக்கு என்றேன்.
எங்க ஊரில் சோத்துக்கு என்றாள்.

கீழ் வீட்டு மாடத்தில் மண்டிக் கிடக்கிறது.
வடிவக்கா நல்லவள்,
கோழிக்கும் மீனுக்கும் ஒன்றும் சொல்லாதவள்.
எதுக்குட்டி துளசி?
இருமலுக்கு, என்றது என் வாய்.
கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துவிட்டு
நுனி நுனியாய்க் கிள்ளி
என் உள்ளங்கையில் வைத்தாள்.
நாலு மிளகு தட்டிப் போடு, வெறும் வயித்துல குடி.
படியேறும்போது கை கனத்தது
ரெண்டு கொத்துத் துளசிக்கு.

சட்டி காய்ந்து காந்தாரி விழுந்த நொடியில்
பொய் பலித்தது.
நான் இருமினேன், தர்மசிங் இருமினான்,
கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த
அடுத்த வீட்டு ஜெமிலா டீச்சர் இருமினாள்.
மிளகு போட்டியாட்டி? என்று கீழிருந்து கேட்ட
வடிவக்கா குரலும் பாதியில் இருமிற்று.

கறி வெந்து, கருப்பட்டி பிசுபிசுத்து,
இலை சுருண்டது.
கலாஸ்.

தர்மசிங் ஒரு வாய் மென்றான்.
நல்லாத்தான் இருக்கு.
என்ன, தொண்டையும் சுகமாயிருது.
இதுதானா அது என்று அவனுக்குத் தெரியாது.
எனக்கும் தெரியாது.
சாப்பிட்டிருந்தால்தானே.

நொய் இப்போது தைவானில்,
ஒரு கிழவரைக் கவனிக்கும் வேலை.
வீடியோவில் தட்டைச் சாய்த்துக் காட்டினேன்.
மூக்கைத் திரைக்கு ஒட்டிவைத்துப் பார்த்தாள்.
மேலே முட்டை எங்கே? என்றாள்.
ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் ஒழுக ஒழுக.
முட்டையா? நீ சொல்லவே இல்லையே!
முட்டைதான் தினம் பொரிச்சோமே, என்றாள்,
அதை எதுக்குச் சொல்ல?

தர்மசிங் முட்டை வாங்கக் கடைக்கு இறங்கினான்.
மறுபடி அடுப்பைப் பற்றவைத்தேன்,
புகை மிச்சம் இருந்தது, தொண்டை கமறிற்று.
ஏட்டி, இன்னுமா கேக்கலை?
படியில் வளையல் சத்தம்.
இரு, இன்னொரு கொத்து கொண்டாரேன்.