தொண்ணூற்றாறு

தங்கச்சிமடம். இரவு பதினொன்றரை.
கீழே ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிறார்கள்.
என் திரையில் இன்னாசிமுத்துவின் விசைப்படகு
எல்லைக்கோட்டைத் தாண்டி நிற்கிறது.
ஜன்னலில் எட்டிப் பார்த்தால்
அதே படகு, நங்கூரத்தில், விளக்கணைத்து.

பெயருக்கு நான் விட்ட இடம் அறுபத்துநான்கு பைட்.
'புனித சந்தியாகப்பர்' ஐம்பத்தைந்து.
தமிழில் வெறும் க-வே மூன்று கொள்ளும்,
கொம்போ புள்ளியோ ஏறினால் இன்னொரு மூன்று.
ஓர் இடைவெளி, பிறகு உரிமையாளர் பெயர்.
ஸ்ட்ர்கேட் இடமிருக்கிறதா என்று கேட்காது.
ஒட்டிக்கொண்டே போய்
பக்கத்திலிருந்த அட்சரேகைமேல்
ஓர் ஆளின் பெயரை ஏற்றிவிட்டது.

சரி, அறுபத்துமூன்றில் நிறுத்து என்றேன்.
முடிவுப் பூச்சியத்தை நானே வைத்தேன்,
ஸ்ட்ரன்காப்பி அதை வைக்காமல் போகும்.
இப்போது இன்னாசிமுத்து
'இன' என்று நின்றார்.
ன-வின் புள்ளி மூன்றில் ஒரு துண்டாக
திரையில் கறுப்புக் கட்டம்.
இந்தக் கடலில்
'இன' என்று மட்டும் தெரியும் படகை
எந்த ரோந்துக்காரனிடம் காட்டுவது?

"பேரைச் சுருக்கச் சொல்லேன்," என்றாள் மெர்சியா போனில்.
விடிந்தால் ஐஸ் ஏற்ற வருவார்.
சொல்ல எனக்கு வாய் வராது.

எங்கும் எழுதாமல்
எவ்வளவு வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.
தொண்ணூற்றைந்து.
அதோடு ஒன்று.
ஒன்றுமில்லாததற்கும் ஓர் இடம் விட வேண்டும்,
பெயர் அங்கேதான் நிற்கும்.

இதைவிட நீளமாய் நாளை ஒன்று வந்தால்
வெட்டாதே, முடியாதென்று சொல்:
அதற்கும் ஒரு வரி.

ஓட்டினேன்.
படகு நகராமலே
கரைக்குத் திரும்பியது.