மீதி நாற்பத்தெட்டு கிலோ

ஏற்காட்டில் மூன்றாம் நாளாக மழை.
லேப் கூரை ஒழுகுகிற இடத்தில்
முக்காலி, அதன்மேல் பக்கெட்.
ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை.
வெள்ளக்கடைப் பாதையில் காட்டெருமை நிற்கிறதாம்.
லீவு லெட்டர் கொடுத்தனுப்பியிருக்கிறான் ஒருவன்,
எருமையின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

பாடம் நடத்தத் தோன்றவில்லை.
புரொஜெக்டரில் அந்தப் படத்தைப் போட்டேன்.

எனக்குப் பதினாலு வயதில்
செவ்வாய்ப்பேட்டைக் கொட்டகையில், காலைக்காட்சி,
ஷபீனாவும் நானும்
ஹிந்தி டியூஷன் பணத்தில் பார்த்தது.
வேற்று நாட்டுப் பள்ளி. எல்லார் கழுத்திலும் டை.
கூலிங்கிளாஸ் போட்ட ஹெட்மாஸ்டர்
வாயைத் திறந்தால் மட்டும் அசல் மதுரை.
நீல மருந்தைக் குடித்த பையன்
ஒரு ஏப்பம், ஒரு தும்மல், அணிலாகிவிடுகிறான்.
சாயங்காலம் ஆண்டுவிழாவுக்குள்
மறுபடி ஆளாக வேண்டும்.
கதை அவ்வளவுதான்.
அதற்கு மேல் அதற்கு ஆசையும் இல்லை.

இருபத்தாறு வருஷம்.
நான் எம்.எஸ்சி., பி.எட்., மூட்டுவலி.
ஷபீனாவுக்குச் சூரமங்கலத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை.
அந்த அணிலுக்கு ஒரு முடி நரைக்கவில்லை.

இப்போதுதான் தெரிகிறது எத்தனை தப்பு.
மின்னலுக்கு முன்பே இடி கேட்கிறது.
அடுப்பே இல்லாத குடுவையில் ஆவி.
ஐம்பது கிலோ பையன், இரண்டு கிலோ அணில்.
நிறையை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று
போன வாரம்தான் போர்டில் எழுதிப் போட்டேன்.
பொறுக்க முடியாமல் நிறுத்திக் கேட்டேன்:
மீதி நாற்பத்தெட்டு கிலோ எங்கே போச்சு?

பக்கெட்டில் நாலைந்து சொட்டு.
"எனர்ஜியா மாறியிருந்தா
ஸ்கூலே மிஞ்சியிருக்காது மிஸ்" என்றான் தினகர்.
சரியான விடை. ஒரு மார்க் போடலாம்.

மாதேஷ், கடைசி பெஞ்ச்,
ஜூனில் என் தோள் உயரம் இருந்தவன்,
இப்போது கதவில் குனிந்து வருகிறவன்,
பாதியில் உடைந்து கீச்சிட்ட குரலில்
"அது பூரா கூச்சம் மிஸ்" என்றான்.

சிரித்து ஓய ஐந்து நிமிஷம் பிடித்தது.
அவன் காது சிவந்ததைப் பார்க்காத மாதிரி
நான் போய்ப் பக்கெட்டைக் கொட்டிவிட்டு வந்தேன்.

பிறகு அந்த இடம் வந்தது.
வருகைப்பதிவு. பையனின் பெயரைக் கூப்பிடுகிறார்கள்.
டையைச் சரிசெய்துகொண்டு
மேசைமேல் ஏறி நின்று அணில் சொல்கிறது:
"உள்ளேன் ஐயா."
அன்று கொட்டகை எப்படிச் சரிந்ததோ
அப்படியே சரிந்தது ஒன்பதாம் வகுப்பு.
செல்போனில் டிராகன் வளர்க்கிற பிள்ளைகள்தான்.
வாலில் கம்பி தெரிவதைக்
கண்டுபிடித்துக் காட்டிக்கொடுத்தவர்களும் அவர்களே.

நான் சிரித்தது கம்பிக்கு இல்லை.
ஒரு கோடை முடிந்து பள்ளி திறந்த காலையில்
கண்ணாடியில் யாரோ நின்றாள்.
கை நீளம், மூக்கில் பரு, நடை வேறு.
அவளுக்குப் பதிலாக நான் போய்
உள்ளேன் சொல்லிவிட்டு வந்தேன்,
அந்த வருஷம் முழுக்க.
யாரும் கண்டுபிடிக்கவில்லை.
ஷபீனாவுக்கு மட்டும் சந்தேகம் இருந்தது,
அவளும் வேறு யாரோவாக இருந்ததால்.

நாலேகால் பஸ்.
கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் பலகை உண்டு.
ஏறும்போது வெறும் கணக்கு.
இறங்கும்போது
இருபது, பத்தொன்பது, பதினெட்டு என்று
தினமும் எங்களை எங்கோ ஏவப் பார்க்கிறார்கள்.
பன்னிரண்டில் காது அடைத்தது.
ஏழில் முன்சீட்டுக் குழந்தை வாந்தி எடுத்தது.
மூன்று.
இரண்டு.
ஒன்றில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அடிவாரம். கீழே மழையே இல்லை.
தட்டுவடை செட் வண்டியில் பூண்டுச் சட்னி வாசனை.
"அஸ்தம்பட்டி இருக்கா, அஸ்தம்பட்டி?"
கண்டக்டர் கேட்டதற்கு
வாய் தவறி, கொஞ்சம் சத்தமாகவே,
உள்ளேன் ஐயா என்றுவிட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.
வால் இருக்கிறதா என்று பார்த்த மாதிரி இருந்தது.
விசில் ஊதினார்.