ரயில் போன பிறகு

பள்ளி பேண்டில் யாரும் தொடாமல் கிடந்த
டிரம்பெட்டை எப்சிபா கேட்டு வாங்கினாள்.
முதல் மாதம் வெறும் காற்று.
இரண்டாம் மாதம்
எருமைக் கன்றுக்குச் சளி பிடித்தாற்போல் ஏதோ ஒன்று.
கீழ்வீட்டு ஆரோன் அண்ணன்
ஜன்னலைப் படாரென்று சாத்தினார்.

அப்புறம் அவள்
ஹவுசிங் போர்டு மொட்டைமாடிக்கு இடம் மாறினாள்.
வியாசர்பாடி ஜீவாவில் புறப்படும்
ஆவடி லோக்கலின் இரைச்சலுக்குள்
தன் பிசிறுகளை ஒளித்து ஊதினாள்.
வண்டி போனால் நிறுத்திவிடுவாள்.
அடுத்த வண்டி வரை
உதட்டைத் தடவியபடி உட்கார்ந்திருப்பாள்.

நானும் டிரம் வாங்கியவன்தான்.
பத்தே நாளில் திருப்பிக் கொடுத்தேன்.
கை வலி என்றேன்.
கை வலிக்கவில்லை,
சிரித்தார்கள்.

நேற்றுச் சாயங்காலம்
வண்டி போய்விட்டது, சத்தம் போகவில்லை.
ஒற்றை ஸ்வரம்,
தண்ணீர்த் தொட்டிகளுக்கு மேலே
நீளமாய், நேராய்.
அவளே பயந்து நிறுத்திவிட்டாள்.

கீழே ஜன்னல் திறந்தது.
"இன்னொரு தடவை ஊது பாப்பா."

ஊதினாள். காற்றுதான் வந்தது.
ரயிலுக்குக் காத்திராமல்
மறுபடி ஊதினாள்.

படியிறங்கும்போது எனக்கு ஒரே கவலை:
அந்த டிரம்மை
இதற்குள் யாராவது எடுத்திருப்பார்களோ?