இன்று நான் எவ்வளவு?

மரிபோர் மருத்துவமனையின் பின்புறம்
சலவைக்கூடத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில்
என் இரவுப்பணி.
எல்லா வார்டுகளின் கழிநீரும்
த்ராவா நதியைப் பார்க்கும் முன்
என்னைப் பார்த்துவிட்டுத்தான் போகிறது.

தண்ணீருக்கு முகம் கிடையாது.
பட்டியல் உண்டு.
திராட்சை அறுவடை வாரத்தில் முதுகுவலி ஏறும்.
நவம்பரில் தூக்கமின்மை:
யாரும் யாரிடமும் சொல்லாதது
என் கோட்டுப்படத்தில்
ஊசிமுனையாய் வந்து நிற்கும்.

நான்கு தொட்டிகள். உள்ளே
தேனடைபோல் துளைத்த சில்லுகளில்
ஒட்டிக்கொண்டிருக்கிறது நொதி.
போஹோர்யே காட்டில் சாய்ந்து கிடந்த பீச் மரத்தில்
வளையம் வளையமாய்க் காது விரித்திருந்த காளானை
பெர்னார்தாதான் பெயர்த்து வந்தாள்,
சாப்பாட்டு டப்பாவில், ரொட்டிக்குப் பக்கத்தில்.
மரத்தை மரமாய்ப் பிடித்து வைத்திருக்கும் பசையையே
தின்னப் பழகிய வாய் அது.
நான்கு செம்பு அணுக்கள்,
வேறு பல் இல்லை.

பத்து மணிக்கு உள்ளே விட்டால்
விடிவதற்குள் டைக்ளோஃபெனாக் காணாமல் போகும்.
வலிநிவாரணி தீர்ந்தது சரி,
வலி எங்கே போனதென்று
இந்தக் கருவி காட்டாது.

ஒன்று மட்டும் அசைவதில்லை.
கார்பமாசெபின்.
நூறு அனுப்பினால் தொண்ணூற்றாறு திரும்புகிறது.
துணைக்கு இன்னொரு மூலக்கூறைக் கூட்டி அனுப்பினோம்,
எண்பத்தெட்டு.
கல்லுளிமங்கன் என்று பெர்னார்தா திட்டினாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மாத்திரையை எனக்குத் தெரியும்.
காலையில் ஒன்று, இரவில் ஒன்று,
என் தம்பி வோய்கோவின் நாக்கில்.
பதினோரு வயதில்
பள்ளி நீச்சல்குளத்தின் ஓரம் விழுந்தான்.
கடைவாயில் நுரை. ஆசிரியையின் விசில்
நிற்காமல் ஊதிக்கொண்டே இருந்தது.
அதன்பின் இருபது வருடமாக
அவனுக்கும் தரைக்கும் நடுவில் நிற்பது
இந்தக் கல்லுளிமங்கன்தான்.

ஈரல் கடித்துக் கடித்துக் கரைத்தும்
மிச்சம் கொஞ்சம் அப்படியே இறங்கி
எங்கே வரும்?
சலவைக்கூடத்தில்தான் அவனுக்கு வேலை.
சுவருக்கு அந்தப்பக்கக் கழிப்பறையின் குழாய்
என் முதல் தொட்டியில் முடிகிறது.

உடையாதே என்று அங்கே கெஞ்சியதை
உடை என்று இங்கே அதட்டுகிறேன்.
இரண்டுக்கும் எனக்கு
ஒரே வாய்.

ஐந்து மணிக்குத் தகரத்தைத் தட்டுவான்.
"இன்று நான் எவ்வளவு?"
"நீ மட்டுமா, நரம்பியல் வார்டே உன்னோடு."
"சொல்லு."
"எண்பத்தெட்டு."
"அப்போ ப்துய் வரைக்கும் எந்த மீனுக்கும் வலிப்பு வராது"
என்று அவனே சிரிக்கிறான்.
சட்டைக் கையை மடித்து
மணி பார்த்துக்கொள்கிறான், மாத்திரைக்கு.

இஸ்திரிச் சூடு ஆறாத ஒரு துண்டை
மேஜைமேல் வைத்துவிட்டுப் போகிறான்.
வால்வைத் திருப்புகிறேன்.
ஐந்தாவது தொட்டி கேட்டு
நான் எழுதத் தொடங்கிய கடிதம்
அந்தத் துண்டுக்கு அடியில் கிடக்கிறது,
இரண்டாவது வரியில்.